கோணக்கையன் போட்ட துளை

ஆணிப்பகை தூண் நிமிர்த்தும்போது பக்கத்தில் யாரும் போகக் கூடாது. கட்டிய பெண்டாட்டியாக இருந்தாலும் வேலி ஓரம் நின்றுதான் பார்க்க வேண்டும். மூன்று நீளக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே கப்பியைத் தொங்கவிட்டிருந்தார். கயிற்றின் ஒரு முனை தூணின் கழுத்தில் இருந்தது. மறுமுனை, தரையில் அறைந்த கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி அவர் கைக்கு வந்தது. ஒரு முழம் இழுப்பார், கட்டையில் இறுக்குவார், மூச்சு வாங்குவார், மறுபடி ஒரு முழம் இழுப்பார். தூண் தலையைத் தூக்கி அந்தரத்தில் கொஞ்சம் ஆடும். இந்த மனுஷன் மேல் விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போலிருக்கும். பிறகு போனால் போகிறதென்று எழுந்து நிற்கும்.

வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வந்த அவர் மனைவி, காலிக் கேனை இடுப்பில் இடுக்கியபடி இதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊரில் அவளைப் பால்காரம்மா என்றால்தான் தெரியும். ஆணிப்பகை பெண்டாட்டி என்றாலும் தெரியாமல் இல்லை, ஆனால் சொல்கிறவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்காது. ஐந்து மாடு வைத்து, விடியுமுன் எழுந்து, மழையிலும் வெயிலிலும் நடந்து சம்பாதித்த பெயர் பால்காரம்மா. அந்தப் பெயரே அவளுக்குப் போதும்.

இப்போது அந்த மாடுகளுக்குத்தான் தலைக்கு மேல் கூரை இல்லாமல் போகப் போகிறது.

அவருக்கு ஆணிப்பகை என்று பெயர் வந்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. அவர் கட்டிய எந்தக் கட்டடத்திலும் ஓர் இரும்பு ஆணி கிடையாது. விட்டத்தின் நுனியைச் செதுக்கி நாக்கு விடுவார்கள். தூணில் அந்த நாக்கு நுழைய ஒரு துளை இருக்கும். நாக்கு உள்ளே போனதும் குறுக்கே ஒரு மரமுளையை அடித்தால் தீர்ந்தது, பிறகு யானை வந்து முட்டினாலும் அசையாது. இதில் அண்ணன் நாக்கு வெட்டுவார், தம்பி துளை போடுவான். இரண்டு பேருக்கும் மீசை அரும்பாத காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. மாற்றிச் செய்து பார்க்கலாமே என்று ஒருநாளும் யாருக்கும் தோன்றவில்லை.

தம்பிக்குப் பெயர் கோணக்கையன். பெயர் வைத்தவர் அண்ணன்தான். தம்பி போட்ட துளைக்குள், கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் உள்சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒன்றிரண்டு இல்லை, போட்ட அத்தனையும் அப்படித்தான். "இவன் கை பொறந்ததிலேருந்தே கோணல்" என்று அண்ணன் வேலை நடக்கும் இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கட்டி முடித்த வீடு நேராகத்தான் நிற்கும். அது தன் நாக்கின் மகிமை, கோணல் துளையையும் இழுத்துப் பிடித்து நேராக்கிவிடுகிறது என்பது அவர் கணக்கு. தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலேயே அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்தார்கள். கட்டிக்கொண்டு வந்தவளும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாள், ஆனால் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

அப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவன் ஒருநாள் சிரிக்கவில்லை. ஒரு பெரிய வீட்டு வேலை. வீட்டுக்காரர், அவர் சம்பந்தி, கூலியாட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல் தம்பியின் துளையில் மட்டத்தை நுழைத்து, சம்பந்தியைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொல்லி, இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் இத்தனை காலம் தொழில் நடத்தியிருக்கிறேன் பாருங்கள் என்றிருக்கிறார். தம்பி உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வேலைக்கும் சேர்ந்து போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து பாகம் பிரித்தார்கள். வீடும் முன்பக்கத்து நிலமும் அண்ணனுக்கு வந்தன. பின்பக்கத்து நிலமும், அதில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து முதன்முதலாகக் கட்டிய மாட்டுக் கொட்டகையும் தம்பிக்குப் போயின.

தம்பி மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. பால்காரம்மா எப்போதும்போல அந்தக் கொட்டகைக்கே போய்ப் பால் கறந்தாள். அவனும் எப்போதும்போலப் புல்லை உதறிப் போட்டான். அண்ணன் காதில் விழாத தூரத்தில் இரண்டு வார்த்தை பேசுவான். ஆனால் அவன் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகரத்திலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நீயும் வந்தால் வா, வராவிட்டால் உன் அண்ணனோடேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவனும் நிலத்தை லாரி வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டான். அங்கே லாரி நிறுத்தும் ஷெட் வரப்போகிறது. மழைக்கு முன்னால் பழைய கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்று பேச்சு.

அப்போதும் தம்பி ஒரு காரியம் செய்தான். கொட்டகையின் மரத்தை விற்காமல் வைத்திருந்து, அண்ணியிடம் சொன்னான். தூண், விட்டம் எல்லாவற்றையும் அலுங்காமல் பிரித்து முன்பக்கத்தில் அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள், நானே வந்து பிரித்துத் தருகிறேன் என்றான். அவள் மனசில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. ஓடி வந்து புருஷனிடம் சொன்னாள்.

"கோணக்கையன் துளை போட்ட மரம் என் வாசல்ல நிக்க வேணாம்" என்றார் அவர்.

"நீங்க சேர்ந்து கட்டினதுதானேங்க."

"சேர்ந்து கட்டினதாலதான் சொல்றேன். நான் மட்டும் கட்டினா எப்படி இருக்கும்னு ஊர் பார்க்கட்டும்."

இப்படி வீம்புக்கு ஆரம்பித்ததுதான் புதுக் கொட்டகை. அவள் அழுதாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தம்பி அந்த மரத்தையும் கடைசியில் லாரிக்காரருக்கே கொடுத்துவிட்டான்.

ஒண்டியாகக் கட்டுவதென்றால் ஒண்டியாகத்தான். ஆணிப்பகை கூலிக்குக்கூட ஆள் வைக்கவில்லை. மரம் இறக்கியவர்கள் போனதும் வாசல் அவர் ராஜ்யமாகிவிட்டது. காலையில் டீ குடித்த கையோடு மரம் அறுக்கும் வாளை எடுத்தாரென்றால் வெயில் உச்சிக்கு வரும்வரை நிமிர மாட்டார். மரத்தூள் வாசலில் நிரம்பி, கூடத்துக்கு வந்து, சோற்றுத் தட்டில்கூட இருந்தது. பச்சை மரத்தின் வாடையில் மாடுகள் வேலிப்பக்கம் வந்து மூக்கை நீட்டின. அவர் வேலை செய்வது பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதில் பொய் இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாளை இழுத்தால் ஒரே சீராகக் கிர்ரென்று இறங்கும். கோடு போட்ட இடத்தை இரண்டாம் முறை பார்க்க மாட்டார்.

நாக்கெல்லாம் முடிந்ததும் துளைக்கு வந்தார். வாழ்நாளில் அதிகம் செய்யாத வேலை அது. ஆனாலும் உளியைப் பிடித்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் தட்டித் தட்டி, சதுரச் சதுரமாகத் தோண்டினார். ஒவ்வொன்றிலும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவர் சுத்தமாக, ஒரு மயிரிழை பிசகாமல் நேராக இருந்தது.

"துளைன்னா இது துளை" என்றார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நம்பித்தான் ஆக வேண்டும். மாடு கட்ட வேறு இடம் ஏது?

முதல் இரண்டு தூண்களை நிமிர்த்தி, இடையில் விட்டத்தைக் கப்பியில் ஏற்றி, ஒரு நாக்கை நுழைத்து, ஏணியில் இறங்கி ஓடி, அடுத்த பக்கம் ஏறி அடுத்த நாக்கை நுழைத்தார். இரண்டு பேர் செய்கிற வேலைக்கு ஒரே ஆள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் முளையும் அடித்துவிட்டார். இறங்கி வந்து, சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

இரண்டு தூணும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. கீழே நேராக இருந்தது மேலே போகப் போக விலகி, உச்சியில் ஒரு சாண் தள்ளி நின்றது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிற இரண்டு பேர் வளைவில் ஒரே பக்கம் சாய்வார்களே, அப்படி.

அவர் கயிறு போட்டு இழுத்து நிமிர்த்திப் பார்த்தார். கயிற்றை விட்டதும் மறுபடி பழைய இடத்துக்கே போயிற்று. அடிக்கல் இறங்கிவிட்டது என்றார். மறுநாள் எல்லாவற்றையும் பிரித்து, கல்லைத் தோண்டி எடுத்து, சரளை கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, மறுபடி நிறுத்தினார். அதே பக்கம் அதே அளவு சாய்ந்தது. பச்சை மரம் வெயிலில் முறுக்கிக்கொண்டது என்றார். வேறு இரண்டு தூண் எடுத்தார். அதுவும் சாய்ந்தது. மரம் விற்றவனைத் திட்டினார், காற்றைத் திட்டினார், கப்பி இழுக்கும்போது வேலியோரம் வந்து நின்றதற்காக அவளைத் திட்டினார். தன் வெட்டை மட்டும் திட்டவில்லை.

பின்பக்கத்து வேலிக்கு அப்பால் கோணக்கையன் புல் உதறிக்கொண்டிருப்பான். சாய்ந்த தூண்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பான். உடனே தலையைக் குனிந்துகொள்வான். பால் கறக்கும் நேரத்தில் அவள் அவனிடம் ஏன் இப்படி ஆகிறது, உனக்கு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும் அண்ணி, நான் துளை போடுகிறவன்தானே என்று மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நழுவிவிட்டான்.

அவள் தச்சு வேலை படித்தவள் இல்லை. ஆனால் பால் அளக்கிறவளுக்கு ஒரு புத்தி உண்டு. அளவு குறைந்தால் கேனை மட்டும் பார்த்தால் போதாது, அளக்கிற ஆழாக்கையும் பார்க்க வேண்டும். ஒருநாள் சோறு போட்டுவிட்டு, அவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்.

"துளைக்கெல்லாம் மட்டம் வெச்சுப் பார்த்தீங்க. நாக்குக்கும் ஒருதடவை வெச்சுப் பாருங்களேன்."

அவர் கவளத்தை மென்று விழுங்கினார். அவசரமே படவில்லை.

"நான் நாக்கு வெட்ட ஆரம்பிச்சப்போ நீ எங்க இருந்த தெரியுமா? உங்கப்பா வீட்டுல மூக்கு ஒழுகிட்டு நின்னுட்டிருந்த. என் கையே மட்டம். அதுக்கு இன்னொரு மட்டம் எதுக்கு?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்தோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். ஆனால் எடுத்தால் மட்டும் மட்டத்தை வைத்திருப்பாரா?

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பகலிலேயே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. இன்னும் பெய்யவில்லை, ஆனால் காற்றில் ஈரம் ஏறி, வைக்கோல் கையில் நமுத்தது. முன்வாசலில் சாய்ந்த தூண்கள் நாலும், கீழே அடுக்கிய மரங்களும் கிடந்தன. கொட்டகை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இந்த நேரத்தில்தான் லாரிக்காரர் ஆட்களை அனுப்பினார். அன்றைக்கே கோணக்கையனும் கிளம்புவதென்று ஏற்பாடு.

காலையில் அவள் மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முன்வாசலுக்கு ஓட்டி வந்து, சாய்ந்த தூண்களிலேயே கட்டினாள். மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. புது இடம் பிடிக்காமல் அவை கத்திக்கொண்டே இருந்தன. செவலைப் பசு மட்டும் இரண்டுமுறை கயிற்றை அறுக்கப் பார்த்தது. அதற்குக் கன்று போட நாள் நெருங்கியிருந்தது.

பின்பக்கத்தில் ஓடு இறக்கிவிட்டு மரத்துக்கு வந்தார்கள். முளைகள் இறுகிப்போயிருந்தன. இரண்டு ஆட்கள் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடித்து ஒரு முளையை வெளியே தள்ளியதும், விட்டம் முனகிக்கொண்டே தூணைவிட்டு வெளியே வந்தது. அதைத் தரையில் போட்டு, வண்டியில் ஏற்றும் நீளத்துக்கு மோட்டார் வாளால் அறுக்கத் தொடங்கினார்கள். நல்ல மரம், அடுப்புக்குத்தான் போகப்போகிறது.

ஆணிப்பகை வேலியருகே போய் நின்றார். பார்க்க மாட்டேன் என்று காலையிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான். வாள் சத்தம் கேட்டதும் எழுந்து போனார். அவளும் பின்னால் போனாள்.

விட்டத்தின் நாக்கு அவர் முன்னால் கிடந்தது. அவர் வெட்டிய நாக்கு. எத்தனையோ மழைக்கும் பனிக்கும் வெயிலுக்கும் தூணுக்குள்ளேயே இருந்ததால் இன்று வெட்டியது போல மஞ்சளாக இருந்தது. அது சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஒரு நெல்லளவு. ஆனால் இன்னொரு விட்டத்தைக் கழற்றிப் போட்டார்கள், அதுவும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. பால்காரம்மாவுக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அவர் வேலியைத் தாண்டிப் போனார். இடுப்பில் செருகியிருந்த மூலைமட்டத்தை எடுத்து, தன் நாக்கின் மேல் வைத்தார். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. தூணிலிருந்த துளையில் வைத்தார். அங்கும் தெரிந்தது, எதிர்ப்பக்கத்தில். அறுக்கிறவனை நிறுத்தி, துளையுள்ள தூணில் ஒரு முழமும் நாக்குள்ள விட்டத்தில் ஒரு முழமும் அறுத்துக் கொடுக்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்து ஒன்றை இன்னொன்றுக்குள் நுழைத்தார். டக்கென்று போய் உட்கார்ந்துகொண்டது. மட்டத்தை வைத்தார். வெளிச்சம் இல்லை.

அவர் மட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்பதை அவள் பார்த்தாள். அந்த மனுஷன் மேல் அவளுக்கு எத்தனையோ கோபம் இருந்தது, அந்த நிமிஷத்தில் எல்லாம் கரைந்துபோயிற்று. பாவமாக இருந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷமாகவும் இருந்தது. இனிமேல் தெரிந்துவிடும், தம்பியைக் கட்டிப்பிடித்து அழுவார், அவன் சாமானை இறக்குவான், இரண்டு பேரும் சேர்ந்தால் மழைக்கு முன்னால் கூரை ஏறிவிடும். வேலியிலிருந்து தம்பி நின்ற இடத்துக்கு அவர் பின்னால் நடப்பதற்குள் அவள் மனசு இவ்வளவையும் கட்டி முடித்துவிட்டது.

கொட்டகைக்கு அந்தப் பக்கம் கோணக்கையன் சின்ன வண்டி ஒன்றில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டு பெட்டி, ஒரு கட்டில், சுருட்டிய படுக்கை. உளிப்பையைக் காணோம். அண்ணன் வருவதைப் பார்த்ததும் கயிறு கட்டுவதை நிறுத்தினான். அவர் இரண்டு மரத்துண்டுகளையும் கழற்றி அவன் முன்னால் நீட்டினார்.

"இது என்னடா?"

"நம்ம கொட்டகை மரம்."

"நாக்கு சாஞ்சிருக்கு."

தம்பி வாங்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணன் கையிலேயே கொடுத்தான். பால்காரம்மா பின்னால் வந்து நின்றாள்.

"நீ எனக்காகத்தான் துளையைச் சாச்சுப் போட்டியா? உண்மையைச் சொல்லு. இத்தனை காலமும் என் கைதான் கோணலா?"

தம்பி சிரித்தான். பழைய சிரிப்பு.

"என்னண்ணே நீங்க. மரம் காஞ்சா நாக்கு சாயாதா? நான் போட்ட கோணல் துளைக்குள்ள இத்தனை வருஷம் கெடந்தா நேரா வெட்டின நாக்கும் கோணிக்கத்தான் செய்யும். துளைதான் நாக்கைக் கெடுத்திருக்கு."

அவர் அவன் முகத்தையே பார்த்தார். ஒரு தச்சனுக்கு இது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியாமல் இருக்காது. காய்ந்த மரம் சுருங்கும், வெடிக்கும், முறுக்கும். ஆனால் வாள் போன தடம் அப்படியே இருக்கும். அந்தத் தடம் அவர் கையிலேயே இருந்தது, ஒரே சீராக, சாய்ந்து. அவர் நினைத்தால் கட்டைவிரலால் தடவிப் பார்த்திருக்கலாம்.

தடவவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"நானும் அதான் நெனைச்சேன்" என்றார். "ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்டா."

"இதுக்குப் போயா."

"சரி, ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்பு. கோணக்கையனா இருந்தாலும் நீ என் தம்பிதான்." அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மரத்துண்டுகளை வேலியோரம் போட்டுவிட்டு, தன் வாசலைப் பார்த்து நடந்தார். நடையில் பழைய மிடுக்கு வந்துவிட்டிருந்தது. போகிற போக்கில் அறுக்கிறவர்களுக்கு ஏதோ யோசனைகூடச் சொன்னார்.

பால்காரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏன் தம்பி அப்படிச் சொன்ன? கையில கொண்டுவந்து கொடுத்தாரே. ஒத்துக்கத் தயாரா வந்தாரே."

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"ஒத்துக்க வரலை அண்ணி. இல்லைன்னு நான் சொல்லணும்னு வந்தார். நீங்க அவர் கண்ணைப் பார்க்கலை."

"சொல்லியிருந்தா கையைத் திருத்திக்கிட்டிருப்பார்."

"எந்த வயசுல? ஆரம்பத்துலேயே சொல்லியிருக்கணும். முதல் விட்டத்துலேயே எனக்குத் தெரியும். அப்போ அடிக்குப் பயந்து சொல்லலை. அவர் நாக்குக்குத் தக்கபடி துளையைச் சாச்சுப் போட்டேன், சரியா நின்னுச்சு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. இன்னிக்குச் சொன்னா அவர் வெட்டின ஒவ்வொரு வீட்டையும் நெனைச்சு நெனைச்சு அந்தத் திண்டாட்டத்துலேயே போய்ச் சேர்ந்துடுவார். அவர்கிட்ட அந்தக் கையைத் தவிர வேற என்ன இருக்கு?"

"எனக்கு என்ன இருக்குன்னு யாராவது யோசிச்சீங்களா?" என்றாள். "நீ இரு தம்பி. மழை முடியிற வரைக்கும் இரு. துளையை மட்டும் நீ போட்டுக் கொடு. பெத்த அம்மா மாதிரி கேக்கறேன்."

வண்டிக்காரர் இரண்டுமுறை ஒலியெழுப்பினார்.

"அண்ணி, நான் போய் நகரத்துல ரெண்டு பட்டறையில வேலை கேட்டேன். துளை போட்டுக் காட்டச் சொன்னாங்க. நேராத்தான் போட்டேன். எடுத்து மட்டம் வெச்சா சாஞ்சிருக்கு. மறுபடி போட்டேன், மறுபடி சாஞ்சிருக்கு. அவருக்குன்னு வளைச்ச கை, இப்போ நிமிர மாட்டேங்குது. பழம் ஏத்துற பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலைதான் கெடைச்சிருக்கு. உளியெல்லாம் கொடுத்துட்டேன். இனிமே அதைத் தொட்டா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா, நானும் தொட மாட்டேன்."

"அப்போ இந்தக் கொட்டகை?"

"நிக்காது அண்ணி."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். தீவனம் தீர்ந்துவிட்டது என்பது போல.

"காத்து அடிக்கிறதுக்கு முன்னாடி மாடுங்களை அந்தத் தூண்ல இருந்து அவிழ்த்துடுங்க. செவலையை முதல்ல வித்துடுங்க, சினை மாட்டுக்கு நல்ல கிராக்கி இருக்கு. கன்னு போட்ட பிறகு ஈரத்துல நின்னா தாயும் தாங்காது கன்னும் தாங்காது."

வண்டி கிளம்பிற்று. அவன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்ப்பானென்று அவள் நின்றாள். அவன் பார்க்கவில்லை.

மத்தியானம் தூறல் விழுந்தது. தார்ப்பாய் காற்றில் உப்பி அடித்துக்கொண்டது. மாடுகளை ஒவ்வொன்றாகத் தூணிலிருந்து அவிழ்த்து வேலிக்கம்பங்களில் கட்டினாள். அங்கே மேலே ஒன்றும் இல்லை. அவற்றின் முதுகு நனைந்து கறுத்தது. பிறகு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மாட்டுத் தரகர் வீட்டுக்குப் போனாள். ஐந்தையும் என்றாள். தரகர் நம்பாமல் மறுபடி கேட்டார். மறுபடியும் ஐந்தையும் என்றாள். திரும்பி நடக்கும்போது, பால்காரம்மா என்று யாரோ டீக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். காதில் விழாதது போல வந்துவிட்டாள். இனி அந்தப் பெயர் எத்தனை நாளைக்கு என்று நினைத்ததும் கண் முட்டிக்கொண்டு வந்தது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதாள்.

வாசலில் ஆணிப்பகை அடுத்த விட்டத்தை மரம் அறுக்கும் தாங்கிகள் மேல் ஏற்றி வைத்திருந்தார். தூறலைப் பொருட்படுத்தவே இல்லை. அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. பல மாதமாக அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. மாடுகள் ஏன் வேலியில் நிற்கின்றன என்று கேட்கக்கூட மறந்துவிட்டார்.

"பய ஒத்துக்கிட்டான் பாத்தியா? எனக்கு அதுதான் சந்தேகமா இருந்துச்சு, அது தீர்ந்துடுச்சு. இனிமே சரியா வரும். மேலே இருக்கற விட்டத்தையெல்லாம் எறக்கிட்டு நாக்கைப் புதுசா வெட்டிடுறேன்."

அவள் சாக்கை உதறி வேலியில் போட்டாள்.

"இந்தா, அந்த முனையைப் பிடி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலையில் கை வைக்க அவளை விட்டதே இல்லை. அவள் போய்ப் பிடித்தாள். ஈர மரம் கனமாகவும் வழுக்கலாகவும் இருந்தது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, வாளை இழுத்தார். கிர்ரென்று ஒரே சீராக இறங்கியது. துண்டு கீழே விழுந்ததும், வெட்டின இடத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, அவளை எட்டிப் பார்க்கச் சொன்னார்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு நெல்லளவு, அதே பக்கம்.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி சொன்ன கண் இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"நேரா இருக்குங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, விட்டத்தை மறுமுனைக்குத் திருப்பச் சொன்னார். அவள் தூக்கித் திருப்பினாள்.